பழைய கேசட்டுக்கும் புதிய ஹோம்ப்ரூவுக்கும் மதிப்புரை எழுதும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜைக்கு முன்னால் என் அம்மா பல ஆண்டுகள் நின்றார். டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்து, உள்பக்கம் திருப்பி, தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் அதை டேமேஜ் என்று ஒதுக்கிப் போடுவதோடு வேலை முடிந்துவிடாது. அது நூலிலேயே இருந்த குறையா, நிட்டிங்கில் ஊசி முறிந்து விழுந்த கோடா, சாயப்பட்டறையில் ஏறிய கறையா, தைக்கும்போது ஊசி குத்திய ஓட்டையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு குறைக்கும் பணம் பிடிக்கப்படும் ஆள் வேறு. பழைய வீடியோ கேம்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மேஜைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு கேமில் தென்படும் குறை இயந்திரத்தின் வரம்பினால் வந்திருக்கலாம், செய்தவரின் கவனக்குறைவால் வந்திருக்கலாம், நம் வீட்டு டிவியால் வந்திருக்கலாம், நம் ஞாபகத்தின் கோளாறாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரிக்காமல் எழுதப்படும் மதிப்புரை எவ்வளவு அழகான நடையில் இருந்தாலும் பயன்படாது.

இங்கே இரண்டு வகைக் கேம்களைச் சேர்த்துப் பேசுகிறேன். ஒன்று, நிண்டெண்டோவின் ஃபேமிகாம், அடாரி 2600, கேம்பாய், மெகா டிரைவ் போன்ற கேம் இயந்திரங்கள் கடையில் விற்ற காலத்திலேயே வெளிவந்த கேம்கள். மற்றொன்று, அந்த இயந்திரங்களுக்காகவே இன்றும் தனி ஆட்களும் சிறு குழுக்களும் புதிதாக எழுதும் ஹோம்ப்ரூ கேம்கள். ஒரு வகையில் இது கணினி உலகின் குடிசைத் தொழில். இரண்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கலாம், ஆனால் தேட வேண்டிய குறைகள் சற்று மாறும்.

எதை விளையாடினீர்கள்?

முதல் வேலை, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொள்வது. நம் ஊர்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம், ஏனென்றால் கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ தொண்ணூறுகளில் வளர்ந்த பெரும்பாலோர் நிண்டெண்டோவின் அசல் இயந்திரத்தைத் தொட்டதே இல்லை. நாம் ‘டிவி கேம்’ என்று சொன்னது ஃபேமிகாமின் நகல் இயந்திரத்தை. அதில் செருகியது, மேலே 9999999 இன் 1 என்று அச்சடித்து, உள்ளே பத்து இருபது கேம்களையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பக் காட்டும் மஞ்சள் கேசட்டை. அந்தக் கேசட்டுகளில் தலைப்புப் பக்கம் வெட்டப்பட்டிருக்கும், கம்பெனிப் பெயர் அழிக்கப்பட்டிருக்கும், உயிர்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டிருக்கும். சோமனூரில் என் சித்தப்பா வீட்டில் இருந்த கேசட்டில் காண்ட்ரா என்ற சுட்டு முன்னேறும் கேம் தொடங்கும்போதே 30 உயிர் இருந்தது. 1988-ல் வந்த அசல் கேசட்டில் 3 உயிர்தான் உண்டு என்பதும், 30 வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையைத் தட்ட வேண்டும் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தன. ‘காண்ட்ரா சுலபமான கேம்’ என்று நான் அதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தது அந்தக் கேசட்டைப் பற்றிய கருத்தே தவிர, காண்ட்ராவைப் பற்றியது ஆகாது.

பதிப்பைக் கண்டுபிடிக்கச் சிறு அடையாளங்கள் போதும். காண்ட்ராவின் ஜப்பானியப் பதிப்பில் முதல் களமான காட்டில் மரங்களின் ஓலை காற்றுக்கு அசையும், களங்களுக்கு நடுவே வரைபடமும் கதைக் காட்சிகளும் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. இப்படி ஒன்றிரண்டு வேறுபாடுகளை முதலில் படித்துத் தெரிந்துகொண்டு, மதிப்புரையின் முதல் பத்தியிலேயே எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடுங்கள்.

வேகம் இன்னொரு சிக்கல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை திரையை வரைந்தது. இந்தியாவில் இருந்த பால் (PAL) என்ற டிவி முறையில் 50 முறை. கேமின் ஓட்டம் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும். ஆகவே 60-க்காக எழுதிய கேமை 50-ல் ஓடும் நகல் இயந்திரத்தில் போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டம் 72 வினாடி பிடிக்கும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. பால் முறைக்கென்று செய்த நகல் சிப்புகள் பலவற்றில் மையச் செயலியின் துடிப்பு அசலுக்கு மிக நெருக்கமாக வைக்கப்பட்டிருந்ததால், இசையின் சுருதி கிட்டத்தட்ட மாறாமல் தாளம் மட்டும் தளர்ந்து ஒலித்தது. அதனால்தான் இன்று எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் கணினி மென்பொருளில்) சரியான வேகத்தில் சூப்பர் மாரியோவை ஓடவிட்டால், சின்ன வயதில் விளையாடியவர்களுக்கு ‘என்ன இது, இப்படி விரட்டுகிறது?’ என்று தோன்றுகிறது. மாரியோவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நாம்தான் மெதுவான மாரியோவோடு வளர்ந்தோம்.

உங்கள் வீட்டுச் சாமான்களைச் சோதியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹோம்ப்ரூ கேமில் பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் ஆள் தாவுகிறான் என்று கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். கேமைச் செய்தவர் பொறுமையாகப் பதில் அனுப்பி, டிவியின் படத் திருத்த வசதிகளை அணைத்துவிட்டு மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். கேம் மோடுக்கு மாற்றிப் பார்த்தேன். தாமதம் போன இடம் தெரியவில்லை. சாயப்பட்டறைக் குறைக்குத் தையல்காரரிடம் பணம் பிடித்த கதை அது. அன்றிலிருந்து எந்தக் கேமை எடுத்தாலும், எனக்கு நன்றாகக் கைவந்த ஒரு பழைய கேமை அதே டிவியில், அதே கட்டுப்பாட்டுக் கருவியில் ஐந்து நிமிடம் ஆடிவிட்டுத்தான் புதியதைத் திறக்கிறேன். பழையதும் தாமதித்தால் பழி டிவி மேல்.

எமுலேட்டரில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஃபேமிகாமின் படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240 புள்ளி. பழைய டிவித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிடச் சற்று அகலமாக விழும். எமுலேட்டர் அதைச் சதுரமாகக் காட்டினால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள், வட்டங்கள் முட்டையாகும். பழைய டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும் என்பதால், ஓரத்தில் சிதறித் தெரியும் குப்பைப் புள்ளிகளுக்காகச் செய்தவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் கேமின் துப்பாக்கி இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யாததும் கேமின் குறை ஆகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பிடிக்க வேண்டும். அவ்வளவு துல்லியமான நேரக் கணக்குக் குழாய் டிவிக்குத்தான் பொருந்தும்.

அசல் கேசட்டில் ஆடுகிறவர்கள் அதை ஊத வேண்டாம். எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரிக்கும். ஊதியபின் ஓடுவது பெரும்பாலும் மறுபடி செருகியதன் பலன்தான். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

இயந்திரத்தின் சுவர் எங்கே இருக்கிறது?

மதிப்புரையாளருக்குச் சிப்புகளின் வடிவமைப்பு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தான் எழுதப்போகும் இயந்திரத்தின் நாலைந்து வரம்புகளை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் முட்டியவரைக் குடித்தவர் என்று எழுதிவிடுவோம். 1983-ல் வந்த ஃபேமிகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள், குண்டு, எதிரி போன்று பின்னணி மேல் தனியாக நகரும் துண்டுப் படங்களை ஸ்பிரைட் என்பார்கள். ஒரே நேரத்தில் திரையில் 64 ஸ்பிரைட் இருக்கலாம், ஆனால் ஒரே கிடைக்கோட்டில் 8-க்கு மேல் வரைய அந்த இயந்திரத்தால் முடியாது. ஒன்பதாவது மறைந்துவிடும். நிரலாளர்கள் வரையும் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் யாரும் முழுதாக மறையாமல் எல்லோரும் சேர்ந்து மினுக்குவார்கள். காண்ட்ராவில் இருவர் ஆடும்போது குண்டுகள் பெருகும் இடங்களில் இதைக் கண்ணாரக் காணலாம். இது நிரலாளர் சாமர்த்தியமாகச் செய்த சமரசம். இதைப் ‘படம் நடுங்குகிறது’ என்று ஒரே வரியில் கண்டிப்பது நியாயமில்லை. எமுலேட்டரில் இந்த எட்டு வரம்பை நீக்கும் வசதி இருக்கும். அதைப் போட்டு ஆடினீர்களானால் மதிப்புரையில் சொல்லிவிடுங்கள்.

மினுக்கம் வேறு, மந்தம் வேறு. திரையை ஒரு முறை வரைவதை ஒரு சட்டம் (ஃபிரேம்) என்பார்கள். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டிய கணக்கைச் செயலி முடிக்காவிட்டால் கேமே பாதி வேகத்துக்கு இறங்கும். பல கேம்களில் இசைக்கென்று தனி முறை வைத்திருப்பதால் பாட்டுச் சீராக ஓட, ஆள் மட்டும் ஈரக் களிமண்ணில் நடப்பவனைப் போல் நகர்வான். மந்தத்தைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மினுக்கத்தைப் பெரும்பாலும் மன்னிக்கலாம். மந்தம் திட்டமிடலின் குறை. அந்த இடத்தில் எத்தனை எதிரிகளை நிறுத்துவது என்று தீர்மானித்தவர் செய்தவர்தான், சிப்பு இல்லை.

ஒலியிலும் இப்படித்தான். ஃபேமிகாமில் ஐந்து ஒலித்தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. தாவும் ஓசை எழும்போது அது இசையின் ஒரு தடத்தைப் பறித்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு மெட்டில் ஒரு இழை அறுந்திருக்கும். நல்ல இசையமைப்பாளர் இதை முன்பே யோசித்து, அறுந்தாலும் மெட்டுக் குலையாதபடி முக்கியமான வரியை வேறு தடத்தில் வைத்திருப்பார். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்று தாவிக்கொண்டே இருங்கள், எது போகிறது எது நிற்கிறது என்று கேட்கும். நகல் இயந்திரங்கள் பலவற்றில் சதுர அலையின் இரண்டு ஒலிநிறங்கள் இடம் மாறியிருந்ததால், நம் ஞாபகத்தில் உள்ள ஒலி அசலிலிருந்து விலகியே இருக்கும். என் விஷயத்தில் அந்த ஞாபகமும் அரைகுறைதான். சித்தப்பா வீட்டுக்கு அடுத்த தறிக்குடோனில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். காண்ட்ராவின் இசையை முழுதாக நான் கேட்டது கல்லூரிக்குப் போன பிறகு.

வரம்புகளைத் தெரிந்துகொண்டதும் ஒரு ஆபத்து வரும்: எல்லாவற்றையும் வியந்து எழுதத் தொடங்கிவிடுவோம். 1977-ல் வந்த அடாரி 2600-ன் தற்காலிக நினைவகம் 128 பைட். ஒரு குறள் வெண்பாவை யூனிகோடில் தட்டச்சு செய்தால் ஏறக்குறைய அந்த இடம் நிரம்பிவிடும். அந்த இயந்திரத்துக்காக டேவிட் கிரேன் 1982-ல் எழுதிய பிட்ஃபால், 4 கிலோபைட் கேசட்டுக்குள் 255 திரைகள் கொண்ட காட்டை அடக்கியது; ஒவ்வொரு திரையையும் சேமித்து வைக்காமல், ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணை விளைவிக்கும் சூத்திரத்தால் உண்டாக்கியது. அதிசயம்தான். ஆனால் மதிப்புரையைப் படிப்பவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆடலாமா என்று கேட்கிறார். அதிசயத்துக்கு ஒரு பத்தி போதும். முதலைகளின் தலைமேல் தாவும்போது கை வியர்க்கிறதா என்பதற்கு மூன்று பத்தி கொடுங்கள்.

கைக்குத் தெரிவதை எழுதுவது

மதிப்புரையில் கடினமான வேலை இதுதான். ‘கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. தாவலை உதாரணமாக எடுத்துக்கொண்டு பழகுங்கள். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம் எழுவான், நடுவானிலும் கொஞ்சம் திருப்பலாம். 1986-ல் வந்த காசில்வேனியாவில் காலை எடுத்தால் எடுத்ததுதான். பாதையை மாற்ற முடியாது. பின்னதை விறைப்பு என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அந்தக் கேமின் எதிரிகளும் படிகளும் அந்த விறைப்பை மனத்தில் வைத்தே அடுக்கப்பட்டிருக்கின்றன. தாவுவதற்கு முன் யோசிக்க வைப்பதுதான் அதன் ருசி. ஐஸ் கிளைம்பரில் ஆள் உயரமாக எழுந்தாலும் பக்கவாட்டில் நகர மறுக்கிறான், ஆனால் களமோ பக்கவாட்டுத் தாவலைத்தான் கேட்கிறது. கேள்வியும் பதிலும் பொருந்தவில்லை என்பதால் இதைக் குறை என்றே எழுதுவேன்.

உங்கள் கை பல ஆண்டுகள் பழகிய கை என்பதால், பழகாத கையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு ஹோம்ப்ரூ கேமை நான் இரண்டு நாள் ஆடி, ஆளின் நகர்வில் ஒன்றும் தப்பில்லை என்று எழுதி வைத்திருந்தேன். லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் பத்து நிமிடம் ஆடிவிட்டு, “என்னுங் மாமா, சோப்பு மேல நிக்கறவனாட்ட வழுக்கறான்?” என்றாள். திரும்ப எடுத்துச் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். பொத்தானை விட்ட பிறகும் ஆள் தன் உடம்பின் அகலத்துக்கு மேல் சறுக்கினான். நான் அதற்கேற்ப முன்னதாகவே விரலை எடுக்கப் பழகியிருக்கிறேன். மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் இப்படி ஒவ்வொரு சட்டமாக நகர்த்தும் வசதி இருக்கிறது. மோதல் சரியாகக் கணக்கிடப்படுகிறதா, குண்டு தொடுவதற்கு முன்பே உயிர் போகிறதா என்ற வழக்குகளையும் அதிலேயே தீர்த்துவிடலாம்.

இருவர் ஆடும் கேம்களை இருவராகத்தான் ஆட வேண்டும். நாம்கோவின் பேட்டில் சிட்டி 1985-ல் ஜப்பானில் மட்டும் வெளியானது; நமக்குக் கேசட்டுத் தொகுப்புகள் வழியாக வந்து சேர்ந்தது. களத்துக்கு 20 எதிரி டாங்கிகள், மொத்தம் 35 களங்கள், களத்தை நாமே கட்டிக்கொள்ளும் வசதி என்றெல்லாம் எழுதி முடித்தாலும் அந்தக் கேமின் உயிர் விட்டுப்போயிருக்கும். கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவன் சிறிது நேரம் அசையாமல் உறைந்து நிற்பான். நாம் காக்க வேண்டிய கழுகுச் சின்னத்தை நாமே தவறிச் சுட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். சித்தப்பா மகனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு இந்த இரண்டு விதிகள்தான் காரணம். தனியாக ஆடி எழுதுபவருக்கு இவை வெறும் விதிகளாகவே தெரியும்.

கேமைக் கடைசிவரை முடித்தீர்களா, எங்கே நிறுத்தினீர்கள், நடுவில் சேமித்துக்கொண்டு ஆடினீர்களா, பின்னோக்கி ஓட்டும் வசதியைப் பயன்படுத்தினீர்களா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னும் சேமித்துக்கொண்டு ஆடியவர் கடினத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஹோம்ப்ரூவுக்குச் சலுகை வேண்டாம்

தனி ஆள் இரவு விழித்துச் செய்தது என்ற இரக்கத்தில் எழுதப்படும் பாராட்டு, செய்தவருக்கும் உதவாது, காசு கொடுத்து வாங்குபவருக்கும் உதவாது. ஹோம்ப்ரூவில் எவ்வளவு உயரம் எட்ட முடியும் என்பதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன. மார்ஃப்கேட் கேம்ஸ் 2019-ல் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ், அசல் சூப்பர் மாரியோவைப் போலவே 40 கிலோபைட்டுக்குள் நாலு பேர் சேர்ந்து ஆடும் கேமை அடக்கியது. பெரிய எதிரிகளின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டார்கள். கேம்பாய்க்காக 2017-ல் வந்த டோபு டோபு கேர்ள் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. புதிதாக ஒரு கேமை எடுக்கும்போது இவற்றை ஒரு முறை ஆடிவிட்டு வந்தால் நாக்குச் சுத்தமாகும்.

ஆனாலும் ஹோம்ப்ரூவில் கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் மாறுகிறது. 1985-ல் செய்தவருக்கு வேறு வழியில்லை. இன்றைக்குச் செய்பவர் தாமே விரும்பி அந்தச் சின்ன அறைக்குள் போகிறார். எதற்காகப் போனார், அந்த அறை அவருக்கு என்ன கொடுத்தது? கேம்பாயின் நாலு சாம்பல் நிறத்தையே கதையின் இருட்டாக மாற்றியவரும் உண்டு, ஆயத்தக் கருவி கொடுத்த மாதிரிப் படங்களைக்கூட மாற்றாமல் கேசட்டில் ஏற்றி விற்றவரும் உண்டு. ஜிபி ஸ்டூடியோ போன்ற கருவிகளால் நிரல் எழுதத் தெரியாதவரும் கேம் செய்ய முடிவது நல்ல காரியம். எந்தக் கருவியில் செய்தார் என்பதை வைத்து மதிப்பைக் குறைக்காதீர்கள். கருவியின் அச்சு எங்கெல்லாம் அழியாமல் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய கேம்களில் தலைமுறைகள் ஆடி அடையாளம் கண்ட பிழைகள் ஏற்கெனவே தெரிந்தவை. ஹோம்ப்ரூவில் முதல் ஆளாக நீங்களே தடுக்கி விழலாம். அப்படி விழுந்தால், எந்தக் களம், எந்த இடம், என்ன பொத்தான், எமுலேட்டரா அசல் இயந்திரமா என்று குறித்துக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொரு முறை அதே பிழையை வரவழைத்துப் பாருங்கள். எமுலேட்டரில் ஒழுங்காக ஓடி அசல் இயந்திரத்தில் நின்றுபோகும் கேம்கள் உண்டு. இயந்திரம் மின்சாரம் பெற்ற கணத்தில் நினைவகத்தில் என்ன எண்கள் கிடக்கும் என்பது நிச்சயமில்லை. எமுலேட்டர் அதைச் சுத்தமான பூஜ்யமாகக் காட்டினால், அதை நம்பி எழுதிய நிரல் அசலில் தடுமாறும். முடிந்தால் இரண்டிலும் ஆடுங்கள், முடியாவிட்டால் எதில் ஆடினீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதி முடிப்பது

நான் மதிப்பெண் போடுவதில்லை. பத்துக்கு ஏழு என்ற எண், மினுக்கத்துக்குக் கழித்ததா மெட்டுக்குக் கூட்டியதா என்று யாருக்கும் சொல்லாது. போட்டே ஆக வேண்டும் என்றால், எதற்குக் கழித்தீர்கள் என்பதை அதே வரியில் சேருங்கள். ‘என் குழந்தைப் பருவத்தின் பொக்கிஷம்’ போன்ற வாக்கியங்களை ஒரு முறைக்கு மேல் அனுமதிக்காதீர்கள்; அது உங்கள் குழந்தைப் பருவத்துக்கான மதிப்புரை. கலைச்சொற்களில் வாசகருக்குப் பழகிய சொல்லையே வையுங்கள். கேசட் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும்போது ‘பொதியுறை’ என்று எழுதி யாரையும் தேட வைக்க வேண்டாம்.

ஹோம்ப்ரூ கேமின் பதிப்பு எண்ணையும் நீங்கள் ஆடிய தேதியையும் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். பிழையைச் செய்தவருக்கு முதலில் தெரிவித்துவிட்டு, சில நாள் பொறுத்து வெளியிடுவது மரியாதை. அவர் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டால் அதையும் ஆடிப் பார்த்து, பழைய பத்தியை அழிக்காமல் அதன் கீழே புதிய தேதியோடு இன்னொரு பத்தி சேருங்கள். சறுக்கும் ஆளைப் பற்றிய என் மதிப்புரையில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. இரண்டாவதில் அவன் சறுக்கலை நிறுத்திவிட்டான், மூன்றாவதில் சுவருக்குள் புகுந்துவிடுகிறான்.